தீட்டு யார் கையில்?

வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் கையுறையை மாற்று. அதுவரை புழங்கிய கத்தி, கத்தரி, இடுக்கியை ஒதுக்கிவிட்டு வேறொரு செட்டை எடு. அவ்வளவுதான் சங்கதி. இதைச் சோதித்துப் பார்க்க ஏழு நாடுகளில், 81 ஆஸ்பத்திரிகளில், 13,301 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பெனின், கானா, இந்தியா, மெக்சிகோ, நைஜீரியா, ருவாண்டா, தென்னாப்பிரிக்கா. பெயர்களைப் படித்தாலே தெரிந்துவிடும், இதெல்லாம் யாருடைய வயிறு என்று. 2022-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வழக்கம்போல அதே கையுறை, அதே கருவியோடு மூடியவர்களில் 100க்கு 18.9 பேருக்கு அறுத்த இடத்தில் தொற்று கண்டது. மாற்றிக்கொண்டு மூடியவர்களில் 16.0 பேருக்கு.

நூத்துக்கு மூணு பேர்தானா என்று உதட்டைப் பிதுக்குகிற ஆட்கள் உண்டு. தையல் பிரிந்து, சீழ் வைத்து, ஒரு மாதம் தினமும் கட்டு மாற்றிக்கொண்டு கிடந்த யாரையும் அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இல்லை. சித்தாள் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ஒரு மாதம் முப்பது நாள் கூலி. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகளின் கூலியும் சேர்ந்தால் அறுபது நாள். பஸ் செலவு, டீச் செலவு, வெளியே எழுதிக் கொடுக்கும் ஊசி மருந்து. புண் ஆறிய பிறகும் பாரம் தூக்க முடியாது. தூக்கினால் அந்தத் தழும்பு வழியாகவே குடல் பிதுங்கும், அதற்கு இன்னொரு ஆபரேஷன். 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு 66 நாடுகளில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட 12,539 பேரைத் தொடர்ந்து பார்த்தது. வளர்ந்த நாடுகளில் தொற்று 9.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 14.0, கீழ்நிலையில் உள்ள நாடுகளில் 23.2. படிக்கிற பாடப்புத்தகம் ஒன்றுதான். ஆறுகிற புண் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

லான்செட் ஆய்வுக்குள் இன்னொரு எண் கிடக்கிறது. யாரும் அதைத் தலைப்பில் போடவில்லை. வழக்கமான முறையில் விட்டுவைத்த ஆஸ்பத்திரிகளில் மொத்தம் 7,157 ஆபரேஷன்கள். அதில் கையுறையும் கருவியும் மாற்றப்பட்டது 42-ல் மட்டும். ஏன்? அந்த டாக்டர்களுக்குக் கிருமி பற்றித் தெரியாதா? நல்லாவே தெரியும். கையுறையை எண்ணிக் கொடுக்கிற இடத்தில் ரெண்டாவது ஜோடி என்பது கேட்டு வாங்க வேண்டிய பொருள். ரெண்டாவது செட் கருவி என்றால் அதைக் கழுவி, துடைத்து, துணியில் மடித்து, ஆட்டோகிளேவில் ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அநேகமாக ஒப்பந்தத் தொழிலாளி. அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூத்துக்கு மூணு பேர் தப்பித்தார்களே, அதில் அவருடைய கைக்கும் பங்கு உண்டு. ஆய்வுக் கட்டுரையில் அவருக்கென்று ஒரு பத்தி இல்லை.

மருத்துவம் என்றதும் நம் தோழர்கள் பேசுவது இடஒதுக்கீடு, நீட், சீட்டு எண்ணிக்கை. பேச வேண்டியதுதான். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டி, தியேட்டர் கதவுக்கு அந்தப்பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் துறை சார்ந்த விஷயம் என்று டாக்டர்களிடமே விட்டுவிடுகிறோம். நான் கவிதை எழுதுகிறவன், வங்கியில் எழுத்தர். எனக்கு இதில் என்ன வேலை என்று ஒரு டாக்டர் நண்பர் கேட்டார். நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும் என்றேன். விண்ணப்பத்தில் கடன் நோக்கம் என்ற இடத்தில் ‘விவசாயச் செலவு’ என்று எழுதியிருக்கும், வட்டி குறைவு என்பதால். தாலிக்கொடியைக் கழற்றித் தராசில் வைக்கும்போது வாயில் வருவது வேறு: ‘கர்ப்பப்பை ஆபரேஷன் சார்’, ‘அவருக்கு குடலிறக்கம் சார்’, ‘காப்பீட்டு அட்டை இருக்கு, ஆனா மேல கட்டணுங்கறாங்க’. ஆபரேஷனுக்குப் பணம் கட்டியே உலகத்தில் ஆண்டுக்கு 3 கோடியே 30 லட்சம் பேர் நொடித்துப் போகிறார்கள் என்று 2015-ல் லான்செட் ஆணையம் கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கின் ஒரு சின்ன மூலை என் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறது.

சரி, தீட்டுக்கு வருவோம்.

ஆபரேஷன் தியேட்டரைப் பற்றிக் கேள்விப்பட்ட நம்மாள் எவனுக்கும் ஒரு நெருடல் வரும். கை கழுவியவன் கழுவாததைத் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். இன்ன கோட்டுக்கு இந்தப்பக்கம் செருப்பு, அந்தப்பக்கம் வேறு செருப்பு. அட, இது நம்மூர் அக்ரகாரத்துச் சமாச்சாரம் மாதிரி இருக்கே? மடி, ஆசாரம், தீண்டல். இரண்டும் ஒன்றா? ‘எங்க மடிதான் சார் அறிவியல்’ என்று சிலர் கூச்சமே இல்லாமல் பேசுகிறார்கள். கொரோனாக் காலத்தில் அந்தக் குரல் கூடுதலாகவே கேட்டது. அவர்களுக்குப் பதில் வியன்னாவில் இருக்கிறது.

1847. வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள். படித்தவர்கள் பார்த்த பிரிவில்தான் தாய்மார்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். இரண்டாவது பிரிவில் சேர்த்துவிடச் சொல்லிப் பெண்கள் கெஞ்சினார்களாம். செம்மல்வைஸ் என்ற உதவி மருத்துவர் கண்டுபிடித்தார்: காலையில் பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வருகிறார்கள், சாவு அந்தக் கையில் வருகிறது. குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்த சாவு, ஜூனில் 2 சதவீதம் சொச்சத்துக்கு இறங்கியது. கிருமி என்று ஒன்று இருப்பதை அறிவியல் ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே நடந்த சங்கதி இது. பெரிய டாக்டர்கள் அவரை மெச்சவில்லை. கனவான்களின் கை அழுக்கு என்று சொன்னால் யார் மெச்சுவார்கள்? 1865-ல் ஒரு மனநோய் விடுதியில் செத்துப் போனார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதினார், உலகம் மெல்லக் கேட்டது.

மனு சொல்லும் தீட்டு எப்போதும் கீழே இருக்கிறவன் உடம்பில் இருக்கும். பிறப்பில் ஒட்டும், எத்தனை கழுவினாலும் போகாது, மேலே இருக்கிறவனை அவனிடமிருந்து காப்பாற்ற வேண்டும். செம்மல்வைஸ் காட்டிய அழுக்கு மேலே இருந்தவன் கையில் இருந்தது. கழுவினால் போனது. காப்பாற்ற வேண்டியிருந்தது கீழே படுத்துக் கிடந்தவளை. இன்றைக்கும் தியேட்டர் விதியின் முதல் சந்தேகம் கத்தி பிடிக்கிற கைமேல்தான். எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் கழுவித்தான் ஆக வேண்டும். பூணூல் போட்ட கைக்குச் சலுகை கிடையாது. கையுறையை மாற்று என்கிற 2022-ஆம் ஆண்டு ஆய்வு இந்த வம்சத்தில் வந்ததுதான். உன் கை இவ்வளவு நேரம் குடலுக்குள் இருந்தது, இப்போது அது அசுத்தம், கழற்று என்கிறது. மடியை அறிவியல் என்கிறவர்கள், பிரசவம் பார்த்த பாட்டியைத் தெருக்கோடியில் நிறுத்தியவர்கள், இந்த இடத்துக்கு வந்து பேசட்டும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஒரு தாள். 19 அம்சங்கள். மயக்கம் கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், நோயாளியை வெளியே கொண்டுபோகுமுன் என்று மூன்று இடத்தில் எல்லோரும் நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இவர் யார், என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சா, கடைசியில் பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா. இதில் தோலைக் கீறுமுன் வரும் ஓர் அம்சம்: அறையில் இருக்கும் குழுவினர் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நியூடெல்லி உள்பட எட்டு நகரங்களில் சோதித்தார்கள். 2009-ல் முடிவு: சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது, சிக்கல்கள் 11.0-லிருந்து 7.0-க்கு.

பெயரைச் சொன்னால் ஆள் எப்படிப் பிழைப்பான்? யோசித்துப் பாருங்கள். தப்பான பக்கத்தில் கத்தி இறங்கப் போகிறது என்று அந்த அறையில் முதலில் பார்க்கிறவர் ஒரு பயிற்சி நர்ஸாக இருக்கலாம். பார்த்தும் வாயைத் திறக்க மாட்டார். சாருக்குத் தெரியாததா? சொன்னால் திட்டு விழும். இந்த மௌனம் ஆளைக் கொல்கிறது என்பதுதான் அறுவை சிகிச்சைப் பாதுகாப்பு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. ஒருமுறை தன் பெயரை உரக்கச் சொன்னவர் அடுத்த முறை ‘சார், நிறுத்துங்க’ என்று சொல்வதற்கு வாய்ப்பு கூடுகிறது. அதிகாரத்தின் அடுக்கைக் கொஞ்ச நேரத்துக்குக் கலைத்துப் போடுகிற ஒரு காகிதம் அது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று எதைச் சொன்னாரோ, அதற்கு எதிராக ஒரு ஆபரேஷன் அறைக்குள் இரண்டு நிமிஷம் ஒதுக்கச் சொல்கிறது. இதை எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதவில்லை. நாம் நினைத்து வாசிக்கலாம்.

ஆனால் காகிதம் காகிதம்தான். கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் இதைக் கட்டாயமாக்கியது. 101 ஆஸ்பத்திரிகளின் முன்பின் கணக்கை 2014-ல் வெளியிட்டார்கள். சாவு 0.71-லிருந்து 0.65, குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஏன் என்று பெரிய விவாதம் நடந்தது. பலர் சொன்ன காரணம், கட்டத்தில் டிக் அடித்தார்கள், நின்று பேசவில்லை என்பது. டிக் அடிப்பதைப் பற்றி ஒரு வங்கி எழுத்தருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டு பேர் சேர்ந்து போனால்தான் திறக்கும். மேலாளரே ஆனாலும் தனியாகத் திறக்க முடியாது. அவர் யோக்கியரா இல்லையா என்ற கேள்வியே எழாது. பணத்துக்கு இந்த ஏற்பாட்டை நூறு வருஷமாக யாரும் அவமானமாக நினைக்கவில்லை. ஒரு மனுஷனின் வயிற்றைத் திறக்க ரெண்டாவது சாவி கேட்டால் மட்டும் பெரிய மனுஷர்களுக்குக் கோபம் வருகிறது.

நம் ஊர் தியேட்டர்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எல்லோரும் பெயர் சொல்ல வேண்டும் என்றால், எல்லோரும் என்பதில் யார் யார்? ரத்தத்தைத் துடைக்கிற அம்மா உண்டா? ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் உண்டா? பஞ்சு எண்ணிக்கை குறைகிறது என்றால் குப்பை வாளியில் கையைவிட்டுத் தேடப் போகிறவர் அவர்தானே? பல பிணவறைகளில் மண்டையோட்டைத் திறப்பது துப்புரவுத் தொழிலாளி; தள்ளி நின்று எழுதிக்கொள்வது டாக்டர்; கையெழுத்து டாக்டருடையது. 1836-ல் கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தைக் கத்தியால் தொட்டதை மாபெரும் மரபு மீறல் என்று புத்தகங்கள் கொண்டாடுகின்றன. பிணத்தைத் தொட்டே பிழைத்துக் கிடந்த ஒரு சனம் அதே ஊரில் இருந்தது. அவர்கள் தொட்டது மரபு, இவர் தொட்டது மீறல். பெயர் என்பது இப்படித்தான் சிலருக்கு ஒட்டும், சிலருக்கு ஒட்டாது.

பெயர் என்றதும் புனா ஞாபகம் வருகிறது. கவாஸ்ஜி என்ற மராட்டிய மாட்டு வண்டிக்காரர், ஆங்கிலப் படைக்கு வேலை பார்த்தவர், 1792 போரில் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். நெற்றித் தோலை மடித்து இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்ததை வெள்ளைக்கார மருத்துவர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த கார்ப்பூ என்ற லண்டன் மருத்துவர் 1814-ல் தானும் செய்து, 1816-ல் புத்தகம் போட்டார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரியின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மூக்கு இழந்தவர் பெயர் இருக்கிறது, ஓவியர் பெயர் இருக்கிறது, லண்டன்காரர் பெயர் இருக்கிறது. மூக்கு வைத்தவர்? ‘செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர்’. அவ்ளோதான். சுஸ்ருதருக்குச் சிலை வைத்து மார்தட்டுகிறவர்கள் இந்தச் செங்கல் அறுப்பவரை மட்டும் நைசாகத் தாண்டிப் போகிறார்கள். சுஸ்ருதரின் கலை பிராமண வீட்டில் தங்காமல் சூளைக்காரர் குடிசையில் ஏன் தங்கியிருந்தது என்று கேட்டால் பதில் சங்கடமானது. ரத்தமும் சீழும் தொடுகிற வேலையை யார் கையில் தள்ளிவிட்டார்களோ அவர்கள் கையில்தான் அந்த அறிவும் இருந்தது. தமிழ்நாட்டில் முடிதிருத்தும் சமூகத்துக்கு மருத்துவர் என்ற பெயர் ஏன் வந்தது என்பதும் இதே கதை.

அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒரு கறுப்பர். தச்சு வேலை தெரிந்தவர். டாக்டர் ஆக ஆசைப்பட்டுச் சேர்த்த பணம் 1930 வாக்கில் வங்கி திவாலானதில் போயிற்று. பிளாலாக் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் துப்புரவாளர். நீலம் பாரித்துச் சாகும் குழந்தைகளுக்கான இதய ஆபரேஷனை நாய்களில் செய்து செய்து பழுதறச் சரிப்படுத்தியது அவர் கை. 1944 நவம்பர் 29-ல் பால்டிமோரில் முதல் குழந்தைக்கு அதைச் செய்தபோது பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியில் நின்று அடுத்த தையல் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆபரேஷனுக்கு வைத்த பெயர் பிளாலாக் – டாசிக். தாமஸுக்கு 1976-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அவர் பெயரையும் நடுவில் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இப்போதுதான் பரவி வருகிறது.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தென்னாப்பிரிக்காவின் ஹாமில்டன் நாக்கி 1967-ல் முதல் இதய மாற்று ஆபரேஷனையே செய்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மை இல்லை. 2005-ல் அவர் இறந்தபோது அப்படி எழுதிய பெரிய பத்திரிகைகள் பின்னால் திருத்தம் வெளியிட்டன. தோட்டக்காரராக வந்து, விலங்குகளில் உறுப்பு மாற்றுவதில் தேர்ந்து, டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுத்தார் என்பது உண்மை. அதுவே பெரிசு. அதற்கு மேல் பூச்சு வேண்டாம். பூச்சு உதிரும்போது உண்மையையும் சேர்த்து உதிர்த்துவிடும்.

கத்தி பிடிக்கும் கை ஒருபக்கம், கத்திக்குக் கிடந்த உடல்கள் மறுபக்கம். 1845-லிருந்து 1849 வரை அலபாமாவில் மாரியன் சிம்ஸ் அடிமைப் பெண்கள் மேல் மயக்கமருந்து இல்லாமல் திரும்பத் திரும்பக் கத்தி வைத்து, பிரசவத்தில் கிழிந்த சிறுநீர்ப்பையைத் தைக்கப் பழகினார். அனார்ச்சா, பெட்ஸி, லூசி என்று மூவர் பெயர் தெரியும். அனார்ச்சாவுக்கு மட்டும் முப்பது முறை. ஈத்தர் மயக்கமருந்து 1846-லேயே வந்துவிட்டது. நியூயார்க்கில் சிம்ஸ் சிலையை 2018-ல் அகற்றினார்கள். ரொம்பப் பழைய கதை என்று தோன்றினால் 2014 நவம்பரைப் பாருங்கள். சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம் கருத்தடை முகாம். ஒரு டாக்டர், ஒரு லேப்ரோஸ்கோப், சில மணி நேரத்தில் 83 பெண்கள். அந்த வாரத்து முகாம்களில் குறைந்தது 13 பெண்கள் செத்தார்கள். தலித்துகள், ஆதிவாசிகள், மற்ற ஏழைச் சாதிப் பெண்கள். மாத்திரையில் கோளாறு என்று அரசு பழியை அந்தப்பக்கம் தள்ளியது. முகாம் முறையையே மூன்று வருஷத்துக்குள் கைவிடச் சொல்லி 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இதனால் சில தோழர்கள், ஆய்வு என்றாலே நம் உடம்பைப் பலி கேட்கும் ஏற்பாடு என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் உடம்பில் ஆய்வே நடக்காவிட்டால், ஐரோப்பிய ஆஸ்பத்திரியில், குளிரூட்டிய அறையில், ஊட்டமுள்ள உடம்பில் கிடைத்த விடையை நம் வயிற்றில் ஒட்டிவிடுவார்கள். கேள்வி யாருடையது, சம்மதம் கேட்டார்களா, விடை கிடைத்ததும் அது யாருக்குப் போகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. உதாரணமாக, கிருமிநாசினி பூசிய விலையுயர்ந்த தையல் நூல் தொற்றைக் குறைக்கும் என்று நீண்ட நாளாகப் பேச்சு. இதே ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் சோதித்து 2021-ல் சொன்னார்கள்: சாதாரண நூலைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. தோலைத் துடைக்கவும் விலை கூடிய குளோர்ஹெக்சிடின் வேண்டியதில்லை, பழைய அயோடினே போதும். வேலைக்காகாது என்று ஒரு ஆய்வு சொல்வதும் ஏழை ஆஸ்பத்திரிக்கு ஒரு வரவுதான். நூலில் மிச்சம் பிடித்த காசுக்குக் கையுறை வாங்கு.

குடலிறக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை சுமக்கிறவன், ஏற்றம் இறைத்தவன், கல் உடைக்கிறவன், அவனுக்கு வருகிற நோய். மானத்துக்குப் பயந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் வேலைக்குப் போவான். குடல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பலவீனமான இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைப்பது இன்றைய சிகிச்சை. அந்த வலை ஒரு கம்பெனிப் பொருள், விலை அதிகம். மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காங்கர் என்ற அறுவை மருத்துவர் 1990களில் கொசுவலைத் துணியை வெட்டி, முறைப்படி கிருமி நீக்கிப் பயன்படுத்தத் தொடங்கினார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். உகாண்டாவில் 302 ஆண்களிடம் கம்பெனி வலையையும் கொசுவலை ரகத்தையும் ஒப்பிட்டு 2016-ல் நியூ இங்கிலாந்து இதழில் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் திரும்ப வந்தது மலிவு வலையில் ஒருவருக்கு, கம்பெனி வலையில் யாருக்கும் இல்லை. புள்ளிவிவரப்படி வித்தியாசமே கிடையாது. விலையோ ஒன்று 125 டாலர், இன்னொன்று ஒரு டாலர். என் கவுண்டரில் கழற்றி வைக்கப்படும் தாலிக்கும் அந்த 124 டாலருக்கும் நேரான சம்பந்தம் உண்டு.

ஏழைக்குக் கொசுவலை, பணக்காரனுக்கு ரோபோவா என்று இங்கே ஒரு குரல் எழும். அது நியாயமான கோபம். என் அபிப்பிராயம்: கொசுவலை ஏழைக்கு மட்டும் என்று வந்தால் எதிர்க்க வேண்டும். சமமாக வேலை செய்கிறது என்று நிரூபணம் ஆனால் அது எல்லோருக்கும் வரட்டும், அமைச்சருக்கும் அதையே வைத்துத் தைக்கட்டும். இதைவிடச் சிக்கலானது சியரா லியோன் ஆய்வு. அங்கே முழு மருத்துவப் பட்டம் இல்லாத, தனிப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்களும் டாக்டர்களும் குடலிறக்க ஆபரேஷன் செய்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருஷத்தில் நோய் திரும்பியது டாக்டர்கள் செய்ததில் 6.9 சதவீதம், உதவியாளர்கள் செய்ததில் 0.9. சின்ன ஆய்வுதான், 230 பேர் அளவில். அதை வைத்து நம் கிராமத்துக்கு டாக்டரே வேண்டாம் என்று அரசு சொன்னால் விடக்கூடாது. ஆனால் தகுதி, தகுதி என்று காது கிழியக் கத்துகிற கூட்டத்துக்கு முன்னால் இந்த எண்ணை எடுத்து வைக்கலாம். கைப்பழக்கம் என்பது செய்யச் செய்ய வருவது. செய்ய விட்டால் வரும்.

விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. அறுவை மருத்துவம் புத்தகத்தில் வருவதில்லை. மூத்தவர் கத்தியை உன் கையில் கொடுத்து, உன் கைமேல் தன் கையை வைத்துச் சொல்லித்தர வேண்டும். கொடுக்க மனமில்லையென்றால் மூன்று வருஷமும் கொக்கி பிடித்துக்கொண்டே நிற்கலாம். பட்டம் கிடைத்துவிடும், தொழில் கிடைக்காது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு நேர்ந்த பாகுபாட்டை தோரட் குழு 2007-லேயே எழுதி வைத்தது. 2019 மே மாதம் மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட பாயல் தட்வி, ஆதிவாசி முஸ்லிம் பெண், மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு மாணவி. தியேட்டரில் ஆபரேஷன் செய்ய விடாமல் மூத்தவர்கள் ஒதுக்கினார்கள் என்பது குடும்பத்தார் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கத்தியைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு தீண்டாமை என்று அந்தச் சாவு சொன்னதை நாம் சீட்டுக் கணக்கின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

எம்.எஸ். படிக்கிறவர்கள் எந்த ஆபரேஷனைத் தானே செய்தார், எதில் உதவினார், எதில் வேடிக்கை பார்த்தார் என்று பதிவேடு எழுதியே ஆக வேண்டும். ஆய்வேடும் கட்டாயம். இந்தப் பத்திரிகையை வாசிக்கிற மருத்துவ மாணவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கூச்சப்பட்டுக்கொண்டு கவிதை அனுப்புவார்கள். கவிதை அப்புறம் அனுப்புங்கள். ஐந்து வருஷப் பதிவேடுகளை எடுத்து, இடஒதுக்கீட்டில் வந்தவர் கையில் கத்தி எத்தனை முறை வந்தது, மற்றவர் கையில் எத்தனை முறை என்று யாராவது எண்ணுங்கள். உங்கள் தியேட்டரில் ஒரு நாள் காலை நின்று, அறையில் இருக்கிற எத்தனை பேருக்குத் தரை துடைக்கிற அம்மாவின் பெயர் தெரியும் என்று கேட்டு எழுதுங்கள். வெளியே இருக்கிற தோழர்களுக்கும் வேலை உண்டு. தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் போன வருஷம் வயிற்று ஆபரேஷன் எத்தனை, ஸ்டெரைல் கையுறை எத்தனை ஜோடி வாங்கினார்கள், அறுத்த இடத்தில் தொற்று என்று பதிவானது எத்தனை, கருவி கழுவும் பிரிவில் நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தத்தில் எத்தனை பேர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் வந்ததும் ஒரு நகலை இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். கூட்டல் கழித்தல் நான் பார்த்துக்கொள்கிறேன்.